பூசைத் தட்டிலிருந்து எடுத்த மீட்டர்

குமுதாவுக்கு உட்கார்ந்த இடத்தில் பத்து நிமிடம் உட்காரத் தெரியாது. ஈப்போ நகரத்துப் புந்தோங் அடுக்குமாடி வீட்டில் அவளுக்கென்று வாங்கிப் போட்ட நாற்காலி நான்கு வருடமாகப் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பசியாறுவது நின்றுகொண்டேதான். ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் கைப்பேசி, காலில் பாதி மாட்டிய சப்பாத்து. புருஷன் சீனிக்குத் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை வந்தால் திங்கள் காலையில் போய்விடுவான். "வாரத்துல ரெண்டு நாளு வாரேன். அந்த ரெண்டு நாளும் உன் முதுகத்தான்லா பாக்குறேன்," என்பான். அதைக் கேட்பதற்குக்கூட அவள் நிற்கமாட்டாள்.

பிறந்தது சிம்மோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தோட்டம் கைமாறியது, மரத்தைச் சாய்த்தார்கள், குடியிருந்த லயத்தை இடித்தார்கள். அழுதாளா? அதுதான் இல்லை. சாமான் ஏற்ற வந்த லோரியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டு, "கெளம்பலையா? கெளம்பலையா?" என்று டிரைவரைப் பிடுங்கி எடுத்தாள். அந்த வருடத்தில் மட்டும் மூன்று வீடு மாறினார்கள். அவளுக்கு ஒரே குஷி. அப்பா சின்னையாதான் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாதம் தூங்காமல் கிடந்தார்.

படித்தது தொழிற்பயிற்சி நிலையத்தில், குளிர்சாதனப் பிரிவு. வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். வீட்டு ஏர்கானைக் கழற்றிக் கழுவுகிற வேலையை அவள் தொடமாட்டாள். பேரங்காடிக் கூரையில் நிற்கும் ராட்சத எந்திரம், ஓட்டல் குளிர் அறை, கோழிக் கிடங்கு, மண்டபம் என்று எல்லாம் பெரிய இடத்து வேலை. அதிலும் கரண்ட் பக்கம். எந்திரம் ஏன் நின்றது, மின்சாரம் எங்கே கசிகிறது, எந்த வயர் பொய் சொல்கிறது என்று மோப்பம் பிடித்துப் போய்க் கையை வைப்பாள். தொடக்கத்தில் சீன முதலாளிகள் அவளைத் தாண்டி வேனுக்குள் எட்டிப் பார்த்து, ஆள் எங்கே என்று கேட்பார்கள். பதினைந்து வருடத்தில் அந்தக் கதையெல்லாம் மாறிவிட்டது. ஈப்போவில் இப்போது அவள் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இந்தக் கதைக்கு அதுதான் வினையாகப் போயிற்று.

போன வருடம் ஆயுத பூசை அன்று. நம்மவர்கள் வழக்கம் தெரியும்தானே? கத்தியோ கார்ச் சாவியோ, எதை வைத்துப் பிழைக்கிறோமோ அதைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி முன்னால் வைத்துவிட வேண்டும். அன்று அதற்கு ஓய்வு. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டித்தான் எடுப்பது. குமுதாவும் அப்படியே வைத்தாள். ஸ்பானர், திருப்புளி, கேஸ் மீட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. மெகருக்கு மட்டும் பெரிய பொட்டு. மெகர் என்றால் மின்கசிவு பார்க்கிற மீட்டர். எந்திரத்தில் ஒரு வயர், அதன் இரும்பு உடம்பில் ஒரு வயர் வைத்து அழுத்தினால் உள்ளே கசிவு இருக்கிறதா இல்லையா என்று எண் காட்டும். எண் பெரிதாக இருந்தால் எந்திரம் நலம், பூஜ்யம் என்றால் சாவு. அவளுக்குச் சோறு போடுகிற சாமான் என்பதால், குழைத்த சந்தனத்தை அள்ளி, வயர் செருகுகிற இரண்டு துளைக்கும் நடுவே நிறைய அப்பினாள். இந்த இடத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவள்தான் பார்க்கவில்லை.

தீபாராதனை முடிந்து ஐந்து நிமிடம் இருக்காது, போன் வந்தது. லியாகத் அலி. ஈப்போவில் மூன்று நாசி கண்டார் சோற்றுக் கடை, மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய சமையல்கூடம். அதன் பின்புறத்தில் ஆள் நடந்து போகிற அளவு குளிர் அறை.

"குமுதா, எங்க இருக்க? குளிர் ரூம் டிரிப்லா. பிரேக்கர மூணு தடவ தூக்கி விட்டோம், மூணு தடவயும் விழுந்துருச்சு. கோழியெல்லாம் உள்ள கெடக்கு."

"தோ வாரேன் முதலாளி."

அம்மா முத்தம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "அடியே, சாமானத் தொடாத! நாளைக்குக் காலைல கற்பூரம் காட்டித்தான் எடுக்கணும்."

"சாமி ஒரு நாளு பொறுக்கும்மா. கோழி பொறுக்காது."

ஈரச் சந்தனத்தோடு மெகரைத் தட்டிலிருந்து எடுத்துப் பையில் போட்டாள். விரலில் ஒட்டியதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

சமையல்கூடத்தில் குளிர் அறையின் பக்கத்தில் ஜுபைர் நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, லியாகத் அலிக்குத் தூரத்துச் சொந்தம். பத்தொன்பது வருடமாகக் கடை மாடியில் ஓர் அறையில் இருப்பு. மாவு பிசைகிற எந்திரத்திலிருந்து மேலே சுற்றுகிற காற்றாடிவரை கடையில் எது மக்கர் பண்ணினாலும் அவர்தான். எந்தப் பள்ளியிலும் போய்க் கற்றதில்லை, தானாகப் பழகியது. அவருக்கு மிஞ்சினால்தான் குமுதாவைக் கூப்பிடுவார்கள்.

குமுதா வந்த வேகத்தில் மூடியைக் கழற்றினாள். கம்ப்ரஸரின், அதாவது குளிரை உண்டாக்குகிற மோட்டாரின், வயர்களை உருவினாள். மெகர் வயரைச் சந்தனத்தின் ஊடாகவே துளையில் அழுத்திச் செருகினாள். இந்தத் தொழிலில் ஒரு சின்ன மரியாதை உண்டு. மெகரை எடுத்தால் முதலில் இரண்டு வயரையும் எதிலும் படாமல் காற்றில் பிடித்து ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும். காற்றில் நிற்கிற வயருக்கே கசிவு காட்டினால் அந்த மீட்டரைத் தூக்கித் தூரப் போட வேண்டியதுதான். அரை நிமிட வேலை. ஆயிரம் தடவை செய்தவள் அன்று செய்யவில்லை. பாகான் செராய் அரிசி ஆலைக்காரன் போனில் கத்திக்கொண்டிருந்தான். ஒரு தோளில் போனை இடுக்கிக்கொண்டே வயரை வைத்தாள். பூஜ்யம். அடுத்த முனை, பூஜ்யம். மூன்றாவதும் பூஜ்யம்.

"எரிஞ்சு போச்சு முதலாளி. கம்ப்ரஸர் அவுட்."

"எப்படி எரியும்? நேத்துவரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?"

அவள் சுவிட்ச் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு புது கொன்டெக்டர் இருந்தது. கம்ப்ரஸருக்குக் கரண்ட்டைத் திறந்து மூடுகிற சாமான் அது. "யாரு மாத்துனது?" என்று கேட்டாள். இரண்டு வாரம் முன்பு ஜுபைர் மாற்றியதுதான். திருப்புளியை வைத்து முறுக்கினாள், ஒரு திருகு அரைச் சுற்றுப் போனது. எந்தத் திருகை முறுக்கினாலும் அரைச் சுற்றுப் போகத்தான் செய்யும். அது அவளுக்குத் தெரியாதா? பூஜ்யம் காட்டிய பிறகு கண் அதற்குத் தோதான காரணத்தைத்தான் தேடும்.

"திருகு லூசா இருந்திருக்கு. மூணு லைன்ல ஒண்ணு சரியாத் தொடல. ரெண்டு லைன்ல ஓடி ஓடி மோட்டார் கருகிப்போச்சு," என்று சொல்லிவிட்டு, பாகான் செராய்க்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வேனை எடுத்தாள்.

அவள் போன பிறகு நடந்தது அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது. லியாகத் அலி நல்ல மனிதர்தான், ஆனால் கோபம் வந்தால் வாய்க்கு வரம்பு கிடையாது. அடுப்படியில் நின்ற ஏழு பேர் முன்னால் ஜுபைரைப் பிடித்து உலுக்கிவிட்டார். தெரியாத வேலையில் ஏன் கை வைக்கிறாய் என்றார். கடையைக் கொளுத்தப் பார்த்தாயா என்றார். பத்தொன்பது வருடமாக ஏமாற்றித்தான் இருந்திருக்கிறாய் என்று வேறு சொன்னார். ஜுபைர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். மறுநாள் அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு, அறைச் சாவியை மெஹர்பானுவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மெஹர்பானு லியாகத் அலியின் மனைவி, கல்லாவில் உட்காருகிறவர். அழுதுகொண்டே குமுதாவிடம் சொன்னது அவர்தான். "பாவம்லா," என்றாள் குமுதா. நிஜமாகவே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் போன் அடித்தது, போய்விட்டாள்.

பத்து நாள் கழித்துப் புது கம்ப்ரஸர் வந்தது. அவளே மாட்டினாள். ஜம்மென்று ஓடியது. லியாகத் அலி தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் மத்தியானம் அவரே போன் போட்டார்.

"குமுதா, மறுபடியும் டிரிப்."

அப்போதுதான் முதல் தடவையாக அவளுக்குச் சந்தேகம் தட்டியது. புது மோட்டார் எப்படிக் கசியும்? போய் மெகரை வைத்தாள். கம்ப்ரஸர் பத்தரைமாற்றுத் தங்கம். அப்புறம்தான் ஹீட்டர் பக்கம் போனாள். குளிர் அறைக்குள் கட்டுகிற ஐஸைக் கரைக்க நாளைக்கு ஒரு தடவை ஒரு ஹீட்டர் ஓடும். மூடியைத் திறந்தால், வயர் மூட்டில் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்துக் கிடந்தது. அது ஓடுகிற நேரமெல்லாம் கசிவு, பிரேக்கர் விழுகிறது. அவ்வளவுதான் சங்கதி. உள்ளங்கை அளவு சாமான். மாற்றிவிட்டாள். அரை மணி நேர வேலை.

அப்படியானால் பழைய கம்ப்ரஸர்?

அது பின்கட்டில் குப்பைத் தொட்டி ஓரம் சாய்ந்து கிடந்தது, பழைய இரும்புக்காரன் வருகைக்காக. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போய் வயரை வைத்தாள். எண் ஏறிக்கொண்டே போனது. மூன்று முனையிலும் சுத்தம். மெகரைத் திருப்பிப் பார்த்தாள். துளைகளைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாய்க் காய்ந்த பொருக்கு. குழாயடிக்குப் போய் விரலை நனைத்து அதன்மேல் தேய்த்தாள். இரண்டு வயரையும் காற்றில் பிடித்து அழுத்தினாள். பூஜ்யம்.

"ஐயோ கடவுளே," என்று வாய்விட்டே சொன்னாள். சந்தனம் ஈரமாக இருந்தபோது மின்சாரம் எந்திரத்துக்குப் போகவே இல்லை. மீட்டரின் வாசலிலேயே சந்தனத்தின் மேல் நடந்து திரும்பி வந்திருக்கிறது. சாமி கும்பிட்டதில் தப்பில்லை, எல்லாரும்தான் கும்பிடுகிறார்கள். எல்லாரும் மறுநாள் வரை காத்திருந்து, காய்ந்த பிறகு எடுக்கிறார்கள்.

இது வேறு யாருக்கும் தெரியாது. இரும்புக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போனால் சாட்சியும் இல்லை. அவள் பெயர் அப்படியே இருக்கும், ஜுபைர் பெயரும் கெட்டது கெட்டதாகவே இருக்கும். அன்று வேனை எடுத்துக்கொண்டு எங்கே போனாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒரு வேலையை ஒப்புக்கொண்டு பாதி வழியில் திரும்பினாள். எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி, எண்ணெய் போடாமலே கிளம்பினாள். சனிக்கிழமை வந்த சீனி, அவள் துவைத்த துணியையே திரும்பத் துவைப்பதைப் பார்த்துவிட்டு, என்னவென்று கேட்டு வாங்கினான்.

"விடுலா," என்றான். "வேணும்னேவா செஞ்ச? வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் உன்னக் கூப்பிடுவான்?"

"அந்த மனுசன் என்ன பாவம் செஞ்சாரு?"

"அதுக்கு? ஊரக் கூட்டிச் சொல்லப் போறியா?"

ஞாயிறு காலையில் நேராக லியாகத் அலியிடம் போய் நின்று, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு குரலை இறக்கி, "யார்கிட்டயும் சொல்லாத," என்றார்.

"முதலாளி?"

"அத்தன பேரு முன்னாடி அவன அப்படிப் பேசிட்டேன். இப்பப் போய் நான் தப்புன்னா என் மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்? பழைய கம்ப்ரஸர், எப்படியும் ஒரு நாளு போயிருக்கும்னு வெச்சுக்கலாம். விட்ரு."

குமுதாவுக்குச் சுரீரென்று ஏறியது. ஆனால் அவரைத் திட்ட வாய் எங்கே இருக்கிறது? தான் போன மூன்று நாளும் யோசித்ததைத்தான் அவர் சொல்கிறார். மெஹர்பானு வாசல்வரை வந்து, யாருக்கும் கேட்காமல், "ஜுபைர் ஹுத்தான் மெலிந்தாங்ல இருக்காரு. படகுத்துறை ஐஸ் கொட்டகையில," என்று மட்டும் சொன்னார்.

கம்பார், பீடோர், தெலுக் இந்தான் என்று ஓரிடத்திலும் நிறுத்தாமல் ஓட்டினாள். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. என்ன சொல்வது என்று வாய்க்குள் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் உருப்படியாக இல்லை.

ஆற்றோரம், தகரக் கொட்டகை. மீன் வாடை. ஜுபைர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஐஸ் தூளை மண்வெட்டியால் அள்ளி மீன் பெட்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கொட்டகையின் மறுபக்கம் ஐஸ் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஜுபைர் அண்ணே."

"அட, குமுதாவா? பசியாறியாச்சா?"

அந்தக் கேள்வியில் அவள் பாதி உடைந்து போனாள். யோசித்து வைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "அண்ணே, அந்தக் கம்ப்ரஸர் எரியலண்ணே. நல்லாத்தான் இருந்துச்சு. என் மீட்டர்ல ஈரம். அது பொய் சொல்லிருச்சு. நான் பாக்காம சொல்லிட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

ஜுபைர் இன்னும் இரண்டு வெட்டு ஐஸ் அள்ளிக் கொட்டினார். "தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"நீ வரதுக்கு முன்னாடி காலைல நானும் மீட்டர் வெச்சுப் பாத்தேனே. கம்ப்ரஸர் சுத்தமாத்தான் இருந்துச்சு. எனக்கு ஹீட்டர் மேலதான் சந்தேகம்."

"ஹீட்டர்தாண்ணே! அப்ப ஏண்ணே சொல்லல? அங்கயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

மண்வெட்டி நின்றது. "சொன்னேன் குமுதா."

"யார்கிட்ட?"

"உன்கிட்டத்தான். நீ வயர வெச்சுப் பாத்துட்டு இருக்கும்போது பக்கத்துல நின்னு சொன்னேன். நீ தலைய ஆட்டின. அப்பறம் வேன் கிட்ட ஓடி வந்து இன்னொரு தடவ சொன்னேன். நீ போன்ல பேசிக்கிட்டே, சரி சரின்னு கையக் காட்டிட்டு கதவச் சாத்திட்ட."

அவள் நினைத்துப் பார்த்தாள். பாகான் செராய்க்காரன் கத்தியது அட்சரம் பிசகாமல் நினைவில் இருந்தது. ஜுபைர் சொன்னதில் ஒரு சொல்கூட இல்லை. மறந்துபோய் இல்லை, அது காதுக்குள் போகவே இல்லை.

"நீ போன பிறகு எனக்கே சந்தேகம் வந்துருச்சு," என்றார் ஜுபைர். அவர் குரலில் கோபம் இல்லாததுதான் தாங்க முடியவில்லை. "படிச்ச பொண்ணு, ஊரே நம்புற பொண்ணு, அது பூஜ்யம்னா பூஜ்யந்தான். நம்ம மீட்டரு கெழடு, நம்ம கண்ணும் கெழடுன்னு நெனச்சுட்டேன். லியாகத் அலி ஏசுனப்ப அதான் வாயத் தொறக்கல. இங்க வந்த அன்னைக்கே ஆத்துல போட்டுட்டேன்."

"எத?"

"மீட்டரத்தான்." மண்வெட்டிக் காம்பால் ஆற்றைக் காட்டினார். மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

குமுதா அழுதாள். விசும்பல் இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். மீன் பெட்டி தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் என்னண்ணே செய்யணும்? சொல்லுங்க."

ஜுபைர் மண்வெட்டியை ஐஸில் குத்தி நிறுத்தினார். "எனக்கு ஒண்ணும் வேணாம். அன்னைக்கு அடுப்படியில ஏழு பேரு நின்னாங்க. அவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

அவள் அங்கேயே போனை எடுத்தாள். மெஹர்பானு எடுத்தார். "அக்கா, இப்ப அடுப்படிக்குப் போங்க. ஏழு பேரும் இருக்காங்களா? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா வையுங்க." மெஹர்பானு ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பக்கம் செருப்புச் சத்தம், பிறகு வாணலி கிண்டுகிற சத்தம், பிறகு லியாகத் அலியின் குரல், "யாரு போன்ல?"

"நான் குமுதா பேசுறேன். எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு கம்ப்ரஸர் எரியல. ஜுபைர் அண்ணே ஒழுங்காத்தான் வேல செஞ்சிருந்தாரு. என்கிட்ட ரெண்டு தடவ சொன்னாரு, நான் கேக்கல. மீட்டர சரி பாக்காம அவரு மேல பழி போட்டேன். தப்பு என்னோடது. வேற யார்கிட்ட வேணும்னாலும் இதச் சொல்லிக்குங்க."

வாணலி நின்றுவிட்டது. யாரோ அதிர்ந்துபோய், "அலமாக்," என்றார்கள். பிறகு லியாகத் அலி போனை வாங்கியது தெரிந்தது. "ஜுபைர் பக்கத்துல இருக்கானா?" என்றார். "இருந்தா... வரச் சொல்லு. ரூம் அப்படியேதான் இருக்கு."

குமுதா போனை நீட்டினாள். ஜுபைர் வாங்கவில்லை. இரண்டு கையாலும் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். "நல்லா இருக்கட்டும். வரலேன்னு சொல்லிரு. இங்க யாரும் என்னைய ஒரு மெசினத் தொடச் சொல்றதில்ல. நானும் தொட மாட்டேன்."

"அண்ணே, உங்களுக்குத்தான் எல்லாம் சரியாத் தெரிஞ்சிருந்துச்சே!"

"தெரிஞ்சிருந்துச்சு," என்றார் ஜுபைர். "இப்பத் தெரியல குமுதா. போன வாரம் இந்த மெசினு நின்னுச்சு. என்ன கோளாறுன்னு எனக்குப் பட்டுச்சு. ஆனா வாயத் தொறந்து சொல்ல வரல."

ஐஸ் ஏற்ற வந்த லோரி ஹார்ன் அடித்தது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.